கலங்கிய கடலைத் தெளிய வைத்தவர்



உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ மீன் தொட்டி இருக்கிறதா? இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். புதிதாகத் தண்ணீர் ஊற்றிய அன்று தொட்டி பளிச்சென்று இருக்கும். இரண்டு மூன்று நாள் போனதும் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெளுத்துக் கலங்கிவிடும். சில வீடுகளில் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

நல்ல தண்ணீர் என்றால் குழாயைத் திறந்தால் போதும். தொட்டியில் இருப்பது கடல் உயிர்கள் என்றால்? கடலோ வெகு தொலைவில் இருக்கிறது என்றால்? அடிக்கடி கடல் தண்ணீருக்கு எங்கே போவது?

ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார் ஒருவர். அவர் பெயர் பிலிப் ஹென்றி காஸ். இன்று நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோமே, 'அக்வேரியம்' என்ற சொல், அதை மீன் தொட்டிக்குரிய பெயராக உலகம் முழுவதும் பரவச் செய்தவர் அவர்தான். அவருடைய கதையைத்தான் இன்று தெரிந்துகொள்ளப் போகிறோம்.

கடலோரச் சிறுவன்

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற நகரில் பிறந்தார். அப்பா ஓர் ஓவியர். உள்ளங்கையில் அடங்கும் அளவு சின்னஞ்சிறு உருவப்படங்களை ஊர் ஊராகச் சென்று வரைந்து கொடுத்துப் பிழைத்தார். வருமானம் குறைவு. ஆனால் நுணுக்கமாகப் பார்த்து நுணுக்கமாக வரையும் பழக்கத்தை மகன் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டான். அந்தச் சொத்து கடைசி வரை கரையவில்லை!

குடும்பம் பூல் என்ற துறைமுக ஊரில் குடியேறியது. அங்கே காஸுக்கு ஓர் அத்தை இருந்தார். புழு எப்படி வண்ணத்துப்பூச்சி ஆகிறது, பாறை இடுக்கில் என்னென்ன உயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அத்தையிடம் படித்தது அதிகம் என்று சொல்லலாம்.

குடும்பத்தில் பணமில்லை. எனவே 17 வயதில், 1827-இல், அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு வேலைக்குப் போனார். மீன், சீல் தோல், எண்ணெய் வணிகம் செய்யும் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. பகலில் கணக்குப் புத்தகம். ஓய்வு நேரத்தில் பூச்சி பிடிப்பது, அதை வரைவது. 1832-இல் மைக்ராஸ்கோப்பைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். அந்தப் புத்தகமே அவருக்கு ஆசிரியர் ஆயிற்று.

பிறகு கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தார். நஷ்டம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. 1839-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். கையில் காசு இல்லை. ஆனால் பெட்டி நிறையக் குறிப்புகளும் படங்களும் இருந்தன. அவற்றை வைத்து எழுதிய கனடாவின் இயற்கை பற்றிய நூல் 1840-இல் வெளிவந்தது. 1844-இல் ஜமைக்கா தீவுக்குச் சென்று பறவைகளை ஆராய்ந்தார்.

1849-இல் அவருக்கு ஒரே மகன் பிறந்தான். அதே நாளில் ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் குருவி ஒன்றும் வந்து சேர்ந்தது. காஸ் தம் நாட்குறிப்பில் இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார்! அப்படிப்பட்ட மனிதர் அவர்.

தலைவலி கொண்டுவந்த அதிர்ஷ்டம்

இரவு பகலாக எழுதியதால் காஸின் உடல்நிலை கெட்டது. ஓயாத தலைவலி. லண்டனை விட்டுக் கடலோரம் போய் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. 1852-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டெவன் என்ற கடலோரப் பகுதிக்குக் குடும்பத்தோடு சென்றார்.

அவரா ஓய்வெடுப்பார்? கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளுக்குப் போய்விடுவார். பாறைக் குழிகளில் தேங்கிய நீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும். அதற்குள் பூ விரிந்தது போலக் கடல் சாமந்திகள். இவை செடியல்ல குழந்தைகளே, இரையைப் பிடித்துத் தின்னும் விலங்குகள்! நண்டு, இறால், நத்தை, சிவப்பும் பச்சையுமாகக் கடற்பாசிகள் எல்லாம் அந்தச் சிறு குழியில் கூடி வாழ்ந்தன.

அவற்றை எடுத்து ஜாடியில் கடல் நீர் ஊற்றி வீட்டில் வைத்தார். என்ன ஆயிற்று? கொஞ்ச நாளில் நீர் கலங்கும். நாற்றம் எடுக்கும். உள்ளே இருப்பவை செத்துப்போகும்.

இந்த இடத்தில் காஸ் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். பாறைக் குழியில் தெளிவாக இருக்கும் நீர், ஜாடிக்கு வந்ததும் ஏன் கெட்டுப்போகிறது?

நத்தை செய்த வேலை

இந்தக் கேள்வியை யோசித்தவர் காஸ் ஒருவர் மட்டும் இல்லை. சிசிலித் தீவில் வாழ்ந்த ஜான் வில்ப்ரோ-பவர் என்ற பெண்மணி 1830-களிலேயே கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார். லண்டனில் அன்னா தைன் என்ற பெண்மணி 1846-இல் டார்க்கி கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீர் கெடாமல் இருக்க அவர் வீட்டில் ஒரு வழி செய்தார்கள். திறந்த ஜன்னல் அருகே நின்று, காபி ஆற்றுவது போல, கடல் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் அது. காற்று கலந்ததால் உயிர்கள் பிழைத்தன. ஆனால் வேலைக்காரப் பெண்ணின் கை என்ன பாடு பட்டிருக்கும்! பிறகு அன்னா தைன் கடற்பாசியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியல் அறிஞரின் சோதனை இன்னும் சுவையானது. 1849-இல் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, இரண்டு தங்கமீன்களை விட்டு, நீர்ச்செடி ஒன்றையும் வைத்தார். மீன் மூச்சுவிடும்போது கரியமில வாயு வெளிவருகிறது. வெளிச்சத்தில் செடி அதை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தருகிறது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

ஆனாலும் தண்ணீர் கலங்கியது! ஏன்? செடியின் பழைய இலைகள் அழுகின. அந்த அழுகலில்தான் சிக்கல். அவர் என்ன செய்தார் தெரியுமா? குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளையும் வழவழப்பையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டைகளோ மீனுக்கு உணவாயின. மீன், செடி, நத்தை மூவரும் ஒருவருக்கொருவர் உதவியதால் தண்ணீர் மாற்றாமலேயே தொட்டி நலமாக இருந்தது. 1850-இல் அவர் இதை வெளியிட்டார்.

இதே தத்துவம் கடல் நீருக்கும் பொருந்துமா? வாரிங்டனும் காஸும் தனித்தனியே சோதித்துப் பார்த்தார்கள்.

கலக்கத்தின் காரணங்கள்

கலங்கிய நீர் ஒரு நோயல்ல, நோயின் அறிகுறி என்பதைக் காஸின் சோதனைகள் காட்டின. காய்ச்சல் வந்தால் மருத்துவர் காரணத்தைத் தேடுவது போல, அவர் ஒவ்வொன்றாகக் காரணம் தேடினார்.

முதலாவது, கூழாங்கல்லிலும் மணலிலும் உள்ள தூசி. இதற்கு வழி எளிது. தொட்டியில் போடும் முன்னே கற்களை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது, தவறான பாசி. பழுப்பு நிறப் பெரிய கடற்பாசிகள் வழவழப்பை வெளியிட்டு நீரைக் கெடுத்தன. சிவப்புப் பாசிகள் அழகாக இருந்தாலும் எளிதில் வாடின. கீரை இலை போல மெல்லியதாக இருக்கும் 'உல்வா' என்ற பச்சைப் பாசிதான் தொட்டியில் நன்றாகத் தாக்குப்பிடித்தது. அழகைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் காஸ்.

மூன்றாவது, அதிக வெயில். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர் வெயில் பட்டால் நீர் சூடாகும். கண்ணுக்குத் தெரியாத பாசி விதைகள் பெருகி நீர் பச்சையாகும். அதனால் திரை போட்டு வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னக் கடல் நத்தைகளை விட்டார். நத்தையின் நாக்கில் வரிசையாக நுண்ணிய பற்கள் உண்டு. அது கண்ணாடியில் ஊர்ந்துகொண்டே பாசியைச் சுரண்டுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ரசித்தார். வயலில் ஆள் அரிவாள் கொண்டு அறுத்துக்கொண்டே போவது போல இருந்ததாம்!

நான்காவதுதான் மிகவும் ஆபத்தானது. இறந்த உயிர். கல்லுக்கு அடியில் ஒரு சிறு புழு செத்துக் கிடந்தாலும் போதும். நீர் பால் போல வெளுத்துவிடும். அதனால் மற்றவை சாகும். அதனால் இன்னும் கலங்கும். எனவே தினமும் தொட்டியை உற்றுப் பார்க்க வேண்டும், செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி.

லண்டனில் ஒரு கடல்

1853-இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் உள்ள விலங்கியல் கழகம் ஒரு புதுமையைச் செய்தது. கண்ணாடித் தொட்டிகளில் மீன்களையும் கடல் உயிர்களையும் மக்கள் பார்க்கும்படி 'மீன் இல்லம்' ஒன்றைக் கட்டியது. அதற்காகக் காஸ் வேமத் கடற்கரைக்குச் சென்று ஏராளமான உயிர்களைச் சேகரித்து அனுப்பினார். அந்த ஆண்டு மே மாதம் அது திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது மீன் காட்சியகம் அதுதான்.

மறு ஆண்டு, 1854-இல், 'அக்வேரியம்' என்ற பெயரிலேயே காஸின் புத்தகம் வெளிவந்தது. அவரே வரைந்த வண்ணப் படங்களோடு வந்த அந்தப் புத்தகத்தை மக்கள் விரும்பி வாங்கினார்கள். அதுவரை இந்தத் தொட்டிகளை ஆளுக்கொரு பெயரில் அழைத்துவந்தார்கள். சின்னதாக, சொல்ல எளிதாக இருந்த காஸின் சொல்லே நிலைத்துவிட்டது.

சமையலறையில் செய்த கடல்

கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் அதே ஆண்டில் வழி கண்டார் காஸ். பிரைட்டன் கரையில் எடுத்த கடல் நீரில் என்னென்ன உப்புகள் உள்ளன என்று ஷ்வைட்சர் என்ற வேதியியல் அறிஞர் ஆராய்ந்து சொல்லியிருந்தார். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டார். மிகச் சிறிய அளவில் இருந்தவற்றை விட்டுவிட்டார். ஏறக்குறைய நாலரை லிட்டர் தண்ணீர் எடுத்தார். அதில் சமையல் உப்பு சுமார் 100 கிராம், பேதி உப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம் என்று கலந்தார். (அவர் அன்றைய அவுன்ஸ் கணக்கில் நிறுத்தார். உங்களுக்காகக் கிராமாக மாற்றியிருக்கிறேன்.)

கலந்த நீரைப் புனலில் ஸ்பாஞ்ச் வைத்து வடிகட்டினார். கழுவிய கூழாங்கற்களைப் போட்டார். உல்வா பாசி முளைத்திருந்த கடற்கரைக் கல் ஒன்றிரண்டையும் வைத்தார். உடனே உயிர்களை விட்டாரா? இல்லை! பல நாட்கள் அப்படியே வைத்துக் காத்திருந்தார். பாசி அந்த நீரில் பழகட்டும், நீரும் பாசியால் பக்குவப்படட்டும் என்று நினைத்தார். அதன் பிறகே கடல் சாமந்தி முதலியவற்றை உள்ளே விட்டார். அவை வாரக்கணக்கில் நன்றாக வாழ்ந்தன. கடலே பார்க்காத தண்ணீரில் கடல் உயிர்கள்!

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். காஸுக்குத் தெரியாத ஒரு விஷயம் இன்று நமக்குத் தெரியும். மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. சில வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அதைப் பாசி உணவாக எடுத்துக்கொள்கிறது. இந்த நல்ல பாக்டீரியாக்கள் கல்லின் மேல்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அதற்குள் அவசரப்பட்டு நிறைய மீன்களை விட்டால் அம்மோனியா கூடி மீன்கள் செத்துப்போகும். மிச்ச உணவைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் மளமளவென்று பெருகினால் நீர் பால் போலக் கலங்கும்.

கடற்கரைக் கல்லை வைத்துக் காத்திருந்தபோது, காஸ் தம்மை அறியாமலேயே இந்த நல்ல பாக்டீரியாக்களையும் அழைத்து வந்து குடிவைத்துவிட்டார். காரணம் முழுவதும் தெரியாது. ஆனால் பொறுமையாகக் காத்திருந்தார், அதனால் வென்றார்.

மகிழ்ச்சியும் வருத்தமும்

1856-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் படிக்காத ஒருவருக்குக் கிடைத்த பெரிய கௌரவம் அது. ஆனால் அடுத்த ஆண்டே அவர் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். சிறு வயது மகனோடு டெவன் கடற்கரைக்கே குடிபோனார் காஸ். அங்கே பிரிட்டனின் கடல் சாமந்திகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1860-இல் அது முழுமை பெற்றது.

இதற்குள் ஊரெல்லாம் அக்வேரியம் மோகம்! காஸின் புத்தகங்களைப் படித்தவர்கள் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குழிகளிலிருந்து கிடைத்ததை எல்லாம் அள்ளிச் சென்றார்கள். எப்படிப் பராமரிப்பது என்று பலருக்குத் தெரியாது. பொறுமையும் கிடையாது. தொட்டிகள் கலங்கின, உயிர்கள் செத்தன. மறுபடியும் அள்ளி வந்தார்கள். பூந்தோட்டம் போல இருந்த பாறைக் குழிகள் சில ஆண்டுகளில் வெறிச்சோடிப் போயின.

காஸ் மிகவும் மனம் நொந்தார். கடலின் அழகை எல்லோரும் ரசிக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதினார். அந்த எழுத்தே அழகு அழியக் காரணமாகிவிட்டதே! அவர் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி காலமானார். மகன் எட்மண்ட் காஸ் வளர்ந்து புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். தந்தையைப் பற்றி 1907-இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த வருத்தத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

லண்டனில் தொடங்கிய மீன் காட்சியகம் பல நாடுகளுக்கும் பரவியது. 1909-இல் நம் சென்னை மெரினா கடற்கரையிலும் ஒன்று திறக்கப்பட்டது. 

உங்களுக்குச் சில வார்த்தைகள்

குழந்தைகளே! உங்கள் வீட்டுத் தொட்டி கலங்கினால் முழுத் தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள். கற்களைத் தேய்த்துக் கழுவினால் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும். முதலில் உற்றுப் பாருங்கள். இரை மிச்சம் கிடக்கிறதா? எதாவது செத்திருக்கிறதா? வெயில் நேராக விழுகிறதா? தொட்டிக்கு மீன்கள் அதிகமா? காரணத்தை நீக்குங்கள். கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பிறகு காத்திருங்கள். கடல் மீன் தொட்டி என்றால் கண்டிப்பாகப் பெரியவர்கள் துணை வேண்டும். அதற்கென்று விற்கும் உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பு மட்டும் போதாது.

கடற்கரைக்குப் போனால் பாறைக் குழியருகே உட்காருங்கள், ஆசை தீரப் பாருங்கள், முடிந்தால் படம் வரையுங்கள். ஆனால் அங்கே வாழ்பவற்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். காஸ் தம் கடைசிக் காலத்தில் விரும்பியிருக்கக் கூடியதும் அதுதான்.